"உடம்பு பழகிடுச்சு" என்பதை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 46 வயது. 14 வருஷமாக இட்லி வியாபாரம். சாயங்காலம் மாவு அரைத்து, தேங்காய் வெங்காயமெல்லாம் தயார் பண்ணி, கணக்கு முடித்துப் படுக்க 11 மணி ஆகிவிடும். 2 மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார். 6 மணிக்கு ஸ்கூட்டரில் சரக்கைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, தாதர் பக்கம் போனால் 11 மணிக்குத்தான் திரும்புவார். மத்தியானம் ஒரு மணி நேரம் கண் அசந்தால் அதிகம். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ. போன வருஷம் சுகர் வந்தது, மாத்திரை போட்டும் இறங்கவில்லை. சில்லறையை மாற்றிக் கொடுத்துவிடுகிறார், சொன்னது மறந்துபோகிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். குறட்டை பலமாக இருக்கும். நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே வராது, அப்புறம் திடுக்கென்று மூச்சை இழுப்பார். போன மாதம் சயான் பக்கம் வண்டியோடு சரிந்துவிட்டார். கல் தடுக்கியது என்றார். கூடப் போன பையனோ, "அண்ணாச்சி தூங்கிட்டாங்க" என்கிறான். கேட்டால், "உடம்பு பழகிடுச்சு, ஞாயித்துக்கிழமை தூங்கிச் சரிக்கட்டிக்கிறேன்" என்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. அப்பா எழும்போது அவளும் 2 மணிக்கு எழுந்து படிக்கிறாள். இதெல்லாம் சரியா? பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சுகரை முதலில் எழுதிவிட்டு, வண்டி சரிந்ததைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் வண்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன். இன்றிலிருந்து, பரிசோதனை முடிந்து டாக்டர் சொல்லும்வரை, அவர் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஒருவர் சரக்கை ஏற்றிக்கொண்டு போகட்டும், இவர் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும். ஆள் கிடைக்காவிட்டால் கொஞ்ச நாளைக்கு டாக்ஸி. சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோ வராது, டாக்ஸி என்றால் செலவு கூடும், லாபத்தில் கை வைக்கும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

கல் தடுக்கியது என்று அவர் சொன்னதைப் பொய் என்று நினைக்காதீர்கள். தூக்கம் போதாத மூளை, ஆளைக் கேட்காமல், சில விநாடிகள் தானாகவே அணைந்துபோகும். மைக்ரோ ஸ்லீப் என்போம். கண் திறந்திருக்கும்போதே கூட நடக்கும். முழித்த பிறகு, தூங்கினோம் என்பதே பலருக்குத் தெரியாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 4 விநாடியில் 33 மீட்டர் போய்விடும். அந்த 33 மீட்டரும் வண்டியை யாரும் ஓட்டவில்லை. இந்த முறை சரிந்ததோடு போயிற்று.

சரி, "உடம்பு பழகிடுச்சு" என்கிறாரே, அதற்கு வருவோம். என் கிளினிக்கில் இதைச் சொல்லாத இரவுப் பணிக்காரரே கிடையாது. செக்யூரிட்டி, டாக்ஸி ஓட்டுநர், ஆஸ்பத்திரி நர்ஸ், கால் சென்டர் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே பதில்தான். இது உண்மையா என்று அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 2003ல் வெளியான ஆய்வு. ஆரோக்கியமான 48 பேரை அழைத்து, ஒரு பிரிவினரைத் தினம் 8 மணி நேரமும், இன்னொரு பிரிவை 6 மணி நேரமும், மற்றொரு பிரிவை 4 மணி நேரமும் என்று 14 நாள் படுக்க விட்டார்கள். இன்னும் ஒரு பிரிவினர் மூன்று நாள் தொடர்ந்து கண்விழித்தார்கள். திரையில் எண் தோன்றியதும் பட்டனை அழுத்த வேண்டும், பரீட்சை அவ்வளவுதான். 6 மணி நேரமும் 4 மணி நேரமும் படுத்தவர்களுக்கு நாளுக்கு நாள் கை தாமதமாகிக்கொண்டே போனது. இரண்டாவது வாரக் கடைசியில், ஓரிரு ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் இருந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டபோதோ, முதல் சில நாளுக்குப் பிறகு, "பெரிசாக ஒன்றும் இல்லை" என்றுதான் சொன்னார்கள்.

இதை உங்கள் வீட்டுக்காரருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பழகிப்போவது சோர்வு தெரியும் உணர்வு மட்டும்தான். சோர்வு உள்ளே ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அளந்து சொல்ல வேண்டிய மூளையே தூக்கம் கெட்டுக் கிடக்கும்போது, "நான் நன்றாக இருக்கிறேன்" என்று அது சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்கே நடந்தது. பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் தொடர்ந்து 30 மணி நேரம் பணி பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஒரு குழந்தைக்கு ஊசி மருந்தின் அளவை எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "டாக்டர், புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார். பத்து மடங்கு எழுதியிருந்தேன். அப்போது எனக்குத் தூக்கக் கலக்கமே தெரியவில்லை, தெளிவாக இருக்கிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையின் முகம் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சில்லறை மாற்றிக் கொடுக்கிறார் என்று நீங்கள் எழுதிய வரியில் நான் நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2 மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி 7 மணியோடு 17 மணி நேரம் ஆகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவருடைய அளவுக்குத் தடுமாறும் என்று 1997லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் வண்டி ஓட்டுவதே குற்றம். மத்தியானம் ஒரு மணி நேரம் கண் அசருவதால் அவருக்கு இது கொஞ்சம் தள்ளிப்போகலாம். ஆனால் முந்தின நாளின் பாக்கி, அதற்கு முந்தின நாளின் பாக்கி எல்லாம் மேலே நிற்கிறதே. அந்த நேரத்தில் அவர் கை கிரைண்டருக்குள் இருக்கிறது.

தூக்கம் என்பது வெறும் ஓய்வு இல்லை, அதற்குள் வரிசையாக வேலை நடக்கிறது. இது உங்களுக்கு மாவை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கல் நன்றாக ஓடியது, உளுந்து பொங்கி வந்தது, எல்லாம் சரி. ஆனால் புளிக்க நேரம் கொடுக்காமல் எடுத்து ஊற்றினால் என்ன வரும்? அவசரப்படுத்த முடியாத வேலை அது. மூளையிலும் அப்படித்தான். ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகத் தூக்கம் ஓடும். முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். உடம்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்வதும், ரத்த அழுத்தம் தணிந்து இதயம் இளைப்பாறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். பின்னிரவுச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் நீளும். மனசு ஆறுவதற்கும் கோபம் அடங்குவதற்கும் அது வேண்டும். 11க்குப் படுத்து 2க்கு எழுபவருக்கு முதல் இரண்டு சுற்று கிடைக்கிறது. கனவுத் தூக்கத்தில் பெரும்பங்கு 14 வருஷமாகவே கிடைக்கவில்லை.

பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதைக் குணம் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. பயமும் கோபமும் அங்கேதான் கிளம்பும். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அதைக் கட்டி வைக்கும். ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர்களை 2007ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பிடிக்காத படங்களைக் காட்டியதும் அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது, கட்டி வைக்கும் பகுதியோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் பிள்ளைகளை வெறுக்கவில்லை. நிறுத்த வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

சுகர் ஏன் இறங்கவில்லை என்பதற்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. சிகாகோவில் 1999ல், நோய் எதுவும் இல்லாத 11 இளைஞர்களை ஆறு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் படுக்க வைத்தார்கள். ஆறே நாளில், சாப்பிட்ட சர்க்கரையை அவர்கள் உடம்பு கையாளும் விதம் சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை மாதிரி ஆகிவிட்டது. இன்சுலின் இருக்கும், ஆனால் அது சொல்வதை உடம்பு கேட்காது. பதற்றத்தின் ஹார்மோனான கார்ட்டிசால் சாயங்காலத்தில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. அதே குழு பிறகு செய்த இன்னொரு ஆய்வில், இரண்டே ராத்திரி தூக்கத்தைக் குறைத்ததில் வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்து, பசிக்கிறது என்று சொல்லும் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. அதிலும் இனிப்புக்கும் மாவுப் பண்டத்துக்கும்தான் மனசு அதிகமாக ஓடியது. சர்க்கரை போட்ட டீயும், நாள் முழுக்க வடைச் சட்டியும் பக்கத்தில் இருக்கும் மனிதருக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் கெட்டுக் கிடக்கும்போது மாத்திரை மட்டும் தனியாகப் போராடுகிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

இனி, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. குறட்டை, நடுவில் சத்தம் இல்லாமல் போவது, அப்புறம் திடுக்கென்று மூச்சை இழுப்பது. தெரியாமலே ஒரு டாக்டர் எழுதும் குறிப்பை எழுதியிருக்கிறீர்கள். ஸ்லீப் அப்னியா என்ற தூக்க மூச்சுத்தடையாக இருக்க வாய்ப்பு அதிகம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக் குழல் அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்துபோய் அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சை இழுக்க வைக்கும். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. ஆக, அவர் தூங்கும் மூன்று மணி நேரமும் முழுசாகக் கிடைக்கவில்லை. நேரத்தை மட்டும் கூட்டினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சயான் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். "தூக்க ஆய்வு செய்ய வேண்டும்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் சுகர் மாத்திரையைக் கூட்டி அனுப்பிவிடுவதும் உண்டு. தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் சில ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைப்பார்கள். வலிக்காது. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். 5க்குக் கீழே என்றால் கவலை இல்லை, 30க்கு மேலே என்றால் கடுமை. கடுமையாக இருந்தால், முகத்தில் ஒரு மாஸ்க் வைத்துக் காற்றைச் செலுத்தி மூச்சுக் குழலைத் திறந்தே வைத்திருக்கும் சி-பாப் கருவி தருவார்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொண்டவர்கள் பலர், "இத்தனை வருஷம் தூங்கினோம் என்று நினைத்தது தூக்கமே இல்லை" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கட்டும். தயவு செய்து மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சு தடைபடும் ஆளுக்கு அது ஆபத்து. படுக்கும் முன் கொஞ்சம் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் அப்படியே, தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஒன்றும் இல்லாததற்கு அது நல்லது. ஆனால் கடன் அடையாது. வாரநாளில் 5 மணி நேரம் படுத்து, வாரக் கடைசியில் இஷ்டத்துக்குத் தூங்கியவர்களை 2019ல் கொலராடோவில் பார்த்தார்கள். மறுபடி வாரம் தொடங்கியதும் சர்க்கரையைக் கையாளும் சக்தி பழையபடி கெட்டே இருந்தது. பகல் முழுக்கத் தூங்குவதால் ஞாயிறு ராத்திரி தூக்கம் தள்ளிப்போய், திங்கள் இன்னும் மோசமாகவே தொடங்கும்.

வியாபாரத்தை விடுங்கள் என்றோ, 2 மணிக்கு எழாதீர்கள் என்றோ நான் எழுதப்போவதில்லை. காலை 7 மணிக்கு மாட்டுங்காவில் சூடாக இட்லி வேண்டும் என்றால் யாரோ ஒருவர் 2 மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும். மாற்ற முடிவது முந்தின சாயங்காலத்தை. காலையிலேயே நீங்கள் அரிசி உளுந்தை ஊறப் போட்டுவிடுங்கள். அவர் 11 மணிக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, 12:30க்குப் படுத்து 2:30 வரை தூங்கட்டும். மத்தியானம் உடம்பே தூக்கம் கேட்கும் நேரம் அது, இரண்டு மணி நேரம் தாராளமாக வரும். 3 மணிக்கு அரைக்க ஆரம்பித்தால் 7 மணிக்குள் தேங்காய், வெங்காயம், பாத்திரம் எல்லாம் முடிந்துவிடும். மே மாதத்தில் மாவு சீக்கிரம் புளிக்கும், அதை எப்படிச் சமாளிப்பது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்கு நோட்டு மறுநாள் பகலுக்குப் போகட்டும். 9 மணிக்குப் படுத்துவிட்டால் 2 மணி வரை 5 மணி நேரம். பகலோடு சேர்த்து 7. பெரியவர்களுக்கு வேண்டிய குறைந்தபட்சம் அதுதான். ஒரே மூச்சில் கிடைக்காவிட்டால் இரண்டாகப் பிரித்து எடுத்துக்கொண்டாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும், தினமும் அதே நேரமாக இருந்தால்.

தாராவி வீடு எனக்குத் தெரியும். ஒரே அறையில் டிவி, பிள்ளைகள் படிப்பு, வெளியே சந்துச் சத்தம், இதற்கு நடுவில் 9 மணிக்கு ஒருவர் எப்படித் தூங்குவது? மேலே பரண் இருந்தால் அங்கே ஃபேன் போட்டுப் படுக்கட்டும். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும். 9 மணிக்கு டிவி நிற்க வேண்டும். இதில் அக்கம்பக்கத்தாரிடமும் வாய்விட்டுக் கேட்கலாம், காலையில் அவர் கையால் இட்லி சாப்பிடுகிறவர்கள்தானே.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் கண்ணைச் சுற்றுவது அதனால்தான். டீயில் உள்ள காஃபீன் அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கேயும் போய்விடவில்லை, காத்திருக்கிறது. 4 மணிக்குக் குடித்த டீயின் காஃபீனில் பாதி ராத்திரி 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். அதனால் மத்தியானம் 2:30க்கு எழுந்ததும் ஒரு டீ, அதுதான் கடைசி. காலையில் கிளம்பும் முன் 5:30க்கு ஒரு அரை டீ குடித்துவிட்டு 20 நிமிஷம் தலை சாய்க்கட்டும். காஃபீன் வேலை செய்யத் தொடங்கும் நேரமும் எழும் நேரமும் ஒன்றாக அமையும். எல்லா டீயிலும் சர்க்கரையை நிறுத்துங்கள்.

மகளை மட்டும் 2 மணிக்கு எழுப்பவே கூடாது, தானாக எழுந்தாலும் படுக்க வையுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். வயசுக்கு வரும் பருவத்தில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகிறது. உங்களுக்கு 2 மணி என்றால் அவள் உடம்புக்கு அது இன்னும் நடு ராத்திரி. பகலில் படித்ததை மூளை எடுத்து அடுக்கிப் பத்திரப்படுத்துவது தூக்கத்தில்தான். இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்து, படித்ததைச் சேர்த்து வைக்கும் நேரத்தை வெட்டினால் கையில் நிற்பது குறைவு. 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழட்டும். வீட்டில் கிரைண்டர் ஓடும் நேரத்தில் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் ஸ்டடி ரூம் இருந்தால் அங்கே அனுப்புங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்டிப்பாகத் தூங்க வேண்டும்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். வீட்டுக்காரர் தூக்கம், மகள் தூக்கம் எல்லாம் இருக்கிறது, உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2 மணிக்கு அவர் எழும்போது சட்னி அரைப்பது யார்? குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைப்பது யார்? அவருடைய குறட்டை நின்று நின்று வருவதை எண்ணிக்கொண்டு கிடந்தது நீங்கள்தானே. மத்தியானம் அவர் படுக்கும்போது நீங்களும் கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். பாத்திரம் கிடக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்றைக்கு உங்கள் சுகரையும் பிரஷரையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய மூன்று மாத சுகர் சராசரிச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரியே அவர் குறட்டையை ஐந்து நிமிஷம் போனில் பதிவு செய்து வையுங்கள். "நான் குறட்டையே விடுவதில்லை" என்று அவர் டாக்டரிடம் சொல்வார், அப்போது அதைப் போட்டுக் காட்டுங்கள்.